1275 மினிக்கு கென்ட் எம்டி266 கேம்: சிங்கப்பூர்ச் சாலைக்கு இதற்கு மேல் வேண்டாம்

பழைய மினி காரில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டை மாற்ற நினைப்பவர்களின் கண் முதலில் போவது பட்டியலில் உள்ள பெரிய எண்களுக்குத்தான். இங்கிலாந்தின் கென்ட் கேம்ஸ் மினியின் ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு விற்கும் எம்டி வரிசையில் எண் ஏற ஏற வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். இழுவை கிடைக்கும் இடமும் மேல் சுற்றுகளுக்கு (ஆர்பிஎம்) நகர்ந்துவிடும். இங்கே ஓடும் 1275 சிசி கார்புரேட்டர் மினிக்கு 266 போதும். 276 என்றால் யோசிக்க வேண்டும், 286 வேண்டவே வேண்டாம்.

நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். 3.44 ஃபைனல் டிரைவ் (கடைசிக் கியர் விகிதம்) உள்ள மினி அந்த வேகத்தில் நான்காம் கியரில் மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில்தான் ஓடும். மாலை நெரிசலில் தீவு விரைவுச்சாலையில் அதுவும் கிடையாது. மேல் சுற்றில்தான் இழுக்கும் கேமைப் போட்டால், அது இழுக்கத் தொடங்கும் இடத்துக்கு வண்டி போகவே போகாது. தடுமாறும் ஐடிலும் கீழ் சுற்றுத் தளர்ச்சியும் மட்டும் தினமும் கூடவே வரும்.

இன்ஜினின் அமைப்பும் பெரிய கேமுக்கு எதிரானது. ஏ-சீரிஸில் நான்கு சிலிண்டருக்கும் கலவை உள்ளே போக இரண்டே இன்லெட் போர்ட். ஒன்றும் இரண்டும் ஒன்றைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் மற்றொன்றை. சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2 என்பதால் மூன்று இழுத்து முடிக்கும் முன்பே நான்கு இழுக்கத் தொடங்கும். இரண்டுக்கும் ஒன்றுக்கும் அதே கதை. வால்வு திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டக் கூட்ட இந்தப் பறிப்பு மோசமாகும். நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவு கலவை போகாது. தனித்தனி போர்ட் உள்ள ஜப்பானிய இன்ஜின் தாங்கும் கேமை இதில் போட்டுவிட்டு கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

266 போட்ட இன்ஜின் ஐடிலில் கிட்டத்தட்ட ஒரிஜினல் போலவே நிற்கும். நடுச் சுற்றில் இழுவை கூடும். மூன்றாம் கியரில் மேம்பாலம் ஏறும்போது அது நன்றாகவே தெரியும். ஆனால் கேமை மட்டும் மாற்றிவிட்டுப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எல்சிபி (நடுக் குழாய் நீண்ட) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், எஸ்யூ கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் பொருத்தமான நீடிலும் சேர்ந்தால்தான் போட்ட காசுக்குப் பலன். எஸ்பிஐ, எம்பிஐ இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவற்றின் கணினி மேனிஃபோல்ட் வேக்யூமைப் பார்த்துப் பெட்ரோல் அளப்பதால், ஐடிலில் வேக்யூம் குறைந்தாலே கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும்.

ஆர்டர் செய்யும்போது ஆயில் பம்ப் டிரைவ் எந்த வகை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பின், ஸ்டார், ஸ்லாட் என மூன்று உண்டு. பிந்தைய ஏ-பிளஸ் இன்ஜின்களில் இருப்பது ஸ்லாட். தவறானது வந்தால் பம்போடு சேராது. கேமின் லோப்கள் (முட்டை வடிவப் புடைப்புகள்) தள்ளும் ஃபாலோயர் எட்டும் புதிதாகவே வாங்குங்கள். பழைய கேமோடு தேய்ந்து பழகிய ஃபாலோயரைப் புதிய கேமின் கீழ் வைத்தால் லோப் சீக்கிரமே மழுங்கிப் போகும். மினியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். அந்த இரும்புத் தூள் பேரிங், கியர் என்று எதையும் விடாது.

கூலிதான் பெரிய செலவு. 998-இல் இருப்பது போல, பெரும்பாலான 1275 பிளாக்குகளில் ஃபாலோயரை எடுக்க உதவும் பக்கவாட்டு டேப்பெட் மூடி கிடையாது. ஃபாலோயரை அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதாவது இன்ஜின் வெளியே வர வேண்டும், கியர்பாக்ஸும் கழல வேண்டும். சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் விலை கேட்கும்போது இதைச் சொல்லியே கேளுங்கள். "அரை நாள் வேலைதான்" என்று யாராவது சொன்னால் அவர் ஃபாலோயரை மாற்றப் போவதில்லை என்று அர்த்தம். கேமை உருவும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ் வெளியே வந்திருக்க வேண்டும்; 5/16 யுஎன்எஃப் போல்டை அதில் திருகி, சுற்றிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும்.

செயின் சக்கரத்தின் புள்ளிகளை மட்டும் நேராக வைத்து மூடிவிடுவது பல ஒர்க்‌ஷாப்களில் வழக்கம். அது போதாது, சில டிகிரி தவறியிருக்கலாம். டிகிரி சக்கரத்தை கிராங்கில் மாட்டி, டயல் கேஜை முதல் சிலிண்டரின் இன்லெட் புஷ்ராடில், அதாவது டைமிங் செயின் பக்கமிருந்து இரண்டாவதில் வையுங்கள். வால்வு முழுதாகத் திறக்கும் உச்சியில் முள் சற்று நேரம் அசையாமல் நிற்கும் என்பதால் அந்த இடத்தை நேரடியாகப் படிக்க முடியாது. உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இரண்டு அளவு எடுத்து சராசரி பாருங்கள். 98-ம் 118-ம் வந்தால் உச்சி 108 டிகிரி. கேமோடு வரும் அட்டையில் 106 என்றிருந்தால் கேம் 2 டிகிரி பின்தங்கியிருக்கிறது. ஆஃப்செட் கீ அல்லது வெர்னியர் சக்கரத்தால் சரிசெய்யலாம். வால்வை இன்னும் அதிகம் திறக்கும் 1.5 ரேஷியோ ராக்கரும் சேர்த்துப் போடுகிறவர்கள், ஸ்பிரிங் சுருள் முட்டுகிறதா, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இடிக்கிறதா என்று பிளாஸ்டிசீன் வைத்துப் பார்த்த பிறகே ஹெட்டை இறுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில்தான் கேம் பிழைக்கும் அல்லது சாகும். லோப்களில் அசெம்பிளி லூப், இன்ஜினில் துத்தநாகம் மிகுந்த 20டபிள்யூ-50 மினரல் ஆயில். ஸ்டார்ட் ஆன நொடியிலேயே 2,000 முதல் 2,500 சுற்றுக்கு ஏற்றி, 20 நிமிடம் ஐடிலுக்கு இறக்காமல் ஓட்ட வேண்டும். பற்றவைப்பும் கார்புரேட்டரும் முன்பே சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தால் லூப் வழிந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் மினியின் பக்கவாட்டு ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறி ஒன்று வேண்டும். வீவக கார்நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள். நின்ற வண்டியின் இன்ஜினை ஓடவிடுவதே இங்கே குற்றம். ஒர்க்‌ஷாப்பிலேயே முடித்துவிடுங்கள்.

பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு, அதில் புகையும் அளக்கப்படும். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப் கூடினால் எரியாத பெட்ரோல் வெளியேறும். 266-இல் கலவையைச் சரியாக வைத்தால் சமாளிக்கலாம். வேலை தொடங்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

20 நிமிட ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வால்வு இடைவெளி அட்டையில் உள்ளபடி. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்வது, ஏழு திறந்தால் இரண்டு, இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பதாக வர வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளந்து பாருங்கள். ஏதோ ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால் அந்த லோப் தேய்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.