பி, பி96, பிஇ: ஜேர்மனியில் கரவன் இழுக்க எது போதும்?

அண்ணாவின் கரவனை, அதாவது காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் சின்ன வீட்டை, ஒரு கிழமைக்குக் கேட்டு வாங்கி, பிள்ளைகளோடு வட கடல் பக்கம் போவதென்று எல்லாம் ஆயத்தம். சாமான்களை அடுக்கி முடித்த பிறகுதான் என் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். "லைசன்ஸ் இருக்குத்தானே தங்கச்சி, பிறகென்ன?" என்றார் அண்ணா. அவர் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. அவர் 1994இல் எடுத்தது பழைய 3ஆம் வகுப்பு. 1999 ஜனவரி 1க்கு முன் அதை எடுத்தவர்களுக்கு, பழைய தாளைக் கொடுத்து அட்டை வாங்கும்போது பெரிய ட்ரெய்லர் இழுக்கும் பிஇ உரிமையும் கூடவே வந்துவிடும். அதனால் எங்கள் மூத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. நான் எடுத்தது 2007இல். கணவரும் அதே காலம்தான். இரண்டு பேரிடமும் வெறும் பி, அதாவது சாதாரண கார் வகுப்பு.

அந்தக் கரவனின் பதிவுப் பத்திரத்தில் இருந்த அதிகபட்ச நிறை 1,500 கிலோ. எங்கள் காரின் பத்திரத்தில் 2,130. கூட்டினால் 3,630. பி வகுப்பின் எல்லை 3,500. அன்றைக்குப் பயணம் நின்றுபோனது, பிள்ளைகள் அழுதார்கள். அடுத்த மூன்று மாதமும் இந்தக் கணக்கோடுதான் இருந்தேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவிலுள்ள பி96 எடுத்தேன், சொந்தமாக ஒரு பழைய கரவனும் வாங்கினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வகுப்புகளையும் ஒப்பிட முன் ஒரு விடயம் தெளிவாக வேண்டும். அனுமதிப்பத்திரத்துக்குப் பார்க்கப்படுவது வாகனம் உண்மையில் எவ்வளவு நிறுக்கிறது என்பது அல்ல, அதன் பதிவுப் பத்திரத்தில் எஃப்.2 என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச நிறைதான். இதைப் பத்திர நிறை என்று சொல்கிறேன். 1,500 என்று எழுதிய கரவன் உள்ளே ஒரு தலையணைகூட இல்லாமல் வெறுமையாக இருந்தாலும், கணக்கில் அது 1,500தான். காருக்கும் அப்படியே. நேர்மாறாக, உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்ற எல்லைக்கு, அதாவது ஓ.1 கட்டத்துக்கு, கரவனின் உண்மையான நிறையே கணக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கரவனில் அளவுக்கு மேல் சாமான் ஏற்றினால் தண்டப்பணம். பத்திர நிறைகளின் கூட்டுத்தொகை உங்கள் வகுப்பின் எல்லையைத் தாண்டினால் அது அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியது என்ற குற்றம், ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. எங்கள் கார் கணவரின் பெயரில் இருக்கிறது. தெரிந்து ஓட்டக் கொடுத்திருந்தால் அவருக்கும் அதே பிரிவுதான்.

இனி பி. 750 கிலோவுக்கு உட்பட்ட சிறிய ட்ரெய்லர் என்றால் கவலையில்லை, 3,500 கிலோ வரையுள்ள எந்தக் காரின் பின்னாலும் பூட்டலாம். ஆனால் நாலு பேர் படுக்கிற கரவன் 750க்குள் கிடைக்காது. அதற்கு மேலே போனால் காரும் ட்ரெய்லரும் சேர்ந்து 3,500. எங்களுக்கு மிஞ்சியது 1,370. இது 2013 ஜனவரி 19இல் வந்த விதி. அதற்கு முன்பு ட்ரெய்லரின் பத்திர நிறை காரின் வெற்று நிறையைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது.

பி96 தனி வகுப்பு அல்ல, பி வகுப்போடு சேர்க்கும் ஒரு குறியீட்டு எண். கூட்டு நிறை எல்லை 4,250 ஆகிறது. எங்கள் காரைக் கழித்தால் 2,120 மிஞ்சும். எங்கள் கார் இழுக்கக்கூடியதே 1,600தான். ஆக, இந்தக் காரைப் பொறுத்தவரை அனுமதிப்பத்திரம் ஒரு தடையே இல்லாமல் போகிறது. பிஇ என்றால் ட்ரெய்லர் மட்டுமே 3,500 வரை இருக்கலாம். குதிரை ஏற்றும் ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கும் இயந்திரம் ஏற்றுபவர்களுக்கும் அது வேண்டும்.

"1,370 போதுமே, அதற்குள் ஒன்றைப் பார்த்து வாங்கலாமே" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். விற்பனைக்கு வரும் கரவன்களில் 1,350, 1,360 என்று பத்திரம் உள்ளவை நிறையவே உண்டு. அப்படி ஒன்றைப் பார்க்கப் போனோம். பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், பத்திர நிறை 1,360, புறப்படத் தயாரான நிலையில் 1,245. மிச்சம் 115 கிலோ.

அன்று இரவு குசினி மேசையில் இருந்து எழுதிப் பார்த்தேன். முன்கூடாரமும் கம்பிகளும் 38. கரவனைக் கையால் தள்ளாமல் இடத்தில் நிறுத்த உதவும் "மூவர்" என்ற மோட்டாரும் அதன் மின்கலமும் 50. மடக்கு மேசையும் நாலு கதிரையும் 22. இதுவே 110 ஆகிவிட்டது. உடுப்புக்கும் படுக்கை விரிப்புக்கும் இன்னும் வரவில்லை. அரிசி, மா, சட்டி பானை, புட்டுக்குழல், பத்து நாள் சாமான் எதற்கும் வரவில்லை. மீதி ஐந்தே கிலோ.

கொஞ்சத்தைக் காரில் ஏற்றலாம், உண்மைதான். ஆனால் மூவர் கரவனோடு பொருத்தியது, கழற்ற முடியாது. கூடாரக் கம்பி எங்கள் கார்ப் பெட்டியின் நீளத்துக்கு மடங்காது. காரையும் கரவனையும் இணைக்கும் கொளுவியில் கரவன் அழுத்துகிற நிறையும் காரின் சுமையாகவே எண்ணப்படும். இரண்டு பிள்ளைகள் பின்னால் இருக்கிற காரில் கால் வைக்கிற இடமெல்லாம் அரிசிப் பையாக இருந்தால் அது என்ன விடுமுறை?

பிறகுதான் தெரிந்தது, அதே கரவனின் அச்சும் சட்டகமும் 1,500க்குச் செய்தவை என்று. முதல் வாங்கியவரிடம் பி மட்டும் இருந்ததால் பத்திரத்தில் குறைத்து எழுதியிருந்தார்கள். தயாரிப்பாளரின் சான்றிதழோடு வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், டயரின் தாங்குதிறனையும் காட்டி, திரும்ப 1,500 ஆக்கினோம். ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. ஏற்றக்கூடிய சுமை 115இலிருந்து 255 ஆனது. வரி கூடும் என்று பயந்தேன். கரவனுக்கு 200 கிலோவுக்கு 7.46 யூரோ வீதம்தான் ஆண்டு வரி. எங்களுக்குக் கூடியது 7 யூரோ.

முதல் பயணத்துக்கு முன் வாகனத் தராசில் ஏற்றிப் பார்த்தோம். 1,440. வீண் சாமான் ஒன்றும் ஏற்றவில்லை. பி மட்டும் வைத்துக்கொண்டு 1,360 பத்திரத்தோடு போயிருந்தால் 80 கிலோ அதிகச் சுமையோடு ஓட்டோபானில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், போயிருப்போம். பின்னால் இருப்பது என் பிள்ளைகள். அதனால்தான் யார் கேட்டாலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கரவன் வாங்கும்போது பத்திர நிறையை மட்டும் பார்க்காதீர்கள். அதிலிருந்து புறப்படத் தயாரான நிறையைக் கழித்து, மிஞ்சுகிற கிலோவைப் பாருங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 200க்குக் குறைந்தால் வேண்டாம் என்பேன்.

பி96க்குச் சோதனை இல்லை. பயிற்சிப் பள்ளியில் குறைந்தது 7 மணிநேரம்: இரண்டரை மணிநேரம் பாடம், மூன்றரை மணிநேரம் மைதானத்தில் பயிற்சி, ஒரு மணிநேரம் தெருவில். ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. எனக்கு 450 யூரோ. பள்ளி தரும் சான்றிதழைக் கொண்டுபோய் அனுமதிப்பத்திர அலுவலகத்தில் எண்ணைப் பதிந்த பிறகுதான் ஓட்டலாம், சான்றிதழ் கையில் இருக்கிறது என்று அன்றே பூட்டக்கூடாது. மைதானப் பயிற்சிதான் எனக்குப் பெரிய உதவி. பின்னால் எடுக்கும்போது கரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். கைக்கு அது பழக மத்தியானம் ஆகிவிட்டது. காற்றடிக்கும் பாலத்தில் கரவன் ஆடினால் வேகத்தைக் கூட்டாமல் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் படித்தேன்.

பிஇ பற்றி நான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணாவின் மகன் எடுத்தபோது கூட இருந்து பார்த்ததுதான். எழுத்துச் சோதனை இல்லை, ஆனால் ஓட்டுச் சோதனை உண்டு. அதற்கு முன் ஊர்ப்புறத்தில் மூன்று, ஓட்டோபானில் ஒன்று, இருட்டில் ஒன்று என்று கட்டாய ஓட்டங்கள். கொளுவுவதையும் கழற்றுவதையும் இடப்பக்கம் வளைந்து பின்னால் எடுப்பதையும் சோதனையில் செய்து காட்ட வேண்டும். அவனுக்கு எனக்கு ஆனதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவானது. அவனுடைய கைப்பழக்கம் என்னுடையதைவிட நல்லது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேகம் மூன்றுக்கும் ஒன்றுதான், வழக்கமாக 80. ஓட்டோபானில் 100 போக ஸ்டிக்கர் வேண்டும், கரவனின் டயர் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். ஆட்டம் தடுக்கும் கொளுவி இல்லாவிட்டால் கரவனின் பத்திர நிறை காரின் வெற்று நிறையில் 0.8 மடங்கைத் தாண்டக்கூடாது, இருந்தால் ஒரு மடங்கு வரை போகலாம். எங்கள் காரின் வெற்று நிறை 1,560. அந்த ஆட்டம் தடுக்கும் கொளுவி இல்லாமல் 1,248தான், அதோடு என்றால் 1,500 உள்ளே வந்துவிடுகிறது. பத்திர நிறையைக் கூட்ட முன் இந்தக் கணக்கையும் போட்டுவிடுங்கள், அங்கே நாங்கள் தப்பியது 60 கிலோவில்.

பி96இல் எனக்கு இருக்கும் ஒரே யோசனை அடுத்த கார். மின்கார்கள் பாரமானவை. 2,600 கிலோ பத்திரம் உள்ள கார் என்றால் எங்கள் கரவனோடு 4,100, தாராளம். 2,800 என்றால் 4,300 ஆகி எல்லையைத் தாண்டிவிடும், அப்போது பிஇ தவிர வழியில்லை. இரண்டு மூன்று வருடத்தில் பெரிய மின்கார் எடுப்பதென்று முடிவோடு இருப்பவர்கள் நேரே பிஇக்குப் போகட்டும். எங்கள் டீசல் கார் இன்னும் நல்லாக ஓடுகிறது. ஒக்டோபர் பாடசாலை விடுமுறைக்கு மோசல் நதிப் பக்கம் இடம் பதிந்திருக்கிறோம். போக நான் ஓட்டுவேன். கணவருக்குப் பயிற்சி நாள் செப்டம்பரில், எண் பதிந்து கிடைத்தால் திரும்பி வர அவர்.