கல்லூரிக் கூடைப்பந்தின் நடுவர் சேவை: பருவச்சீட்டுக்காரன் ஒருவனின் மதிப்புரை

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்குப் பருவச்சீட்டு, அதாவது சீசன் டிக்கெட், எடுப்பவர் இரண்டு அணிகளின் ஆட்டத்துக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையணிந்த மூன்று நடுவர்களின் சேவையும் அந்தத் தொகைக்குள் அடக்கம். உணவகத்தைப் பற்றி எழுதும்போது பரிமாறியவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுகிறோம். ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது நடுவரைத் திட்டுவதோடு சரி. அவருடைய வேலையை வேலையாக எடுத்து எடைபோடுவதில்லை. ஆறு பருவங்களாக ஒரே அரங்கில், கூடைக்குப் பின்னால் நான்காம் வரிசையில் அமர்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் அதைச் செய்கிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. பெரும்பாலான தீர்ப்புகள் சரியாகவே இருக்கின்றன. அவற்றைச் சொல்லும் விதத்துக்காகத்தான் பாதி மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

சென்ற பருவத்து ஆட்டம் ஒன்றில் கண்டதைச் சொல்கிறேன். இரண்டாம் பாதியில் ஆறு நிமிடம் மீதமிருந்தது. எங்கள் அணி இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தார், எதிரணிக்காரர் குறுக்கே வந்து நின்றார், இருவரும் என் கண்ணெதிரே விழுந்தார்கள். கூடைக்கு அடியில் நின்ற நடுவர் விசிலை ஊதியதும் ஒரு கையைப் பிடரியில் வைத்தார். பந்து வைத்திருந்தவரே மோதினார், அதாவது சார்ஜ், என்பதற்கான சைகை அது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் ஒரு காலைத் தூக்கி, மறு கையால் எதிர்த்திசையைக் குத்துவதுபோலச் சுட்டி, துள்ளித் துள்ளி நடுக்கோட்டை நெருங்கி, அங்கே நின்று அரங்கத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஆனால் என் கண் அவர்மேல் இல்லை. பக்கவாட்டுக் கோட்டருகே நின்ற இன்னொரு நடுவரும் விசில் ஊதியிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் இடுப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. இடுப்பில் கை வைத்தால் பிளாக், அதாவது தடுத்தவர் மீது தவறு. பாதி வழியில் சக நடுவரின் ஆட்டத்தைப் பார்த்த அவர், அந்தக் கைகளை அப்படியே கீழே விட்டு, வியர்வையைத் துடைப்பதுபோலக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இந்த ஒரு நொடியில்தான் என் புகார் முழுவதும் இருக்கிறது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறைப்படி, ஒரே மோதலுக்கு ஒரு நடுவர் சார்ஜ் என்றும் இன்னொருவர் பிளாக் என்றும் சைகை காட்டிவிட்டால், இருவர் மீதும் ஃபவுல் பதிவாகும். ரசிகர்கள் இரண்டு சொற்களையும் ஒட்டி அதைப் பிளார்ஜ் என்று கேலி செய்வார்கள். அந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவே, விசில் ஊதியதும் மூடிய கைமுட்டியை மட்டும் உயர்த்தி, சக நடுவரைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதன்பிறகே சைகையைக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. பெண்கள் ஆட்டத்தில் நடுவர்கள் கூடிப் பேசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்கள் ஆட்டத்தில் முந்திக்கொண்டு கையை ஆட்டியவர் சொன்னதே தீர்ப்பாகிவிடுகிறது. யார் அருகில் நின்றார், யாருக்குத் தெளிவாகத் தெரிந்தது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. அடக்கமாகச் சொன்ன தீர்ப்பை நடுவர் அடக்கமாகவே திருத்திக்கொள்ளலாம். காலைத் தூக்கி ஆடிச் சொன்ன தீர்ப்பை, பதினைந்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எந்த முகத்தோடு திரும்பப் பெறுவது?

சைகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடைப்பந்தில் நடுவரின் கை என்பது ஒரு மொழி. ஸ்கோர் மேசையில் அமர்ந்து குறிப்பவர் அதைப் படித்துத்தான் எழுதுகிறார். அந்த மொழிக்கு இருந்த செல்வாக்குக்கு ஒரு சான்று சொன்னால் பலர் வியப்பார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களின் சட்டை எண்களில் பல பத்தாண்டுகளாக 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களே கிடையாது. ஃபவுல் செய்தவரின் எண்ணை நடுவர் விரல்களால் காட்ட வேண்டும், ஒரு கையில் ஐந்து விரல்களே உண்டு என்பதுதான் காரணம். 2023-24 பருவத்தில்தான் 0 முதல் 99 வரை எந்த எண்ணையும் அணியலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நடுவரின் விரலுக்காக ஆட்டக்காரர்கள் தங்கள் எண்ணை விட்டுக்கொடுத்த விளையாட்டு இது. அந்த விரல்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம் இல்லை.

சற்றுப் பெரிதாகக் காட்டுவதற்கும் நியாயம் உண்டு. தீர்ப்பை ‘விற்பது’ என்று அவர்களுடைய தொழில்வழக்கில் ஒரு பேச்சு இருக்கிறது. நெருக்கமான முடிவைத் தயங்கிச் சொன்னால் இரண்டு கோச்சுகளும் பாய்வார்கள், உறுதியாகச் சொன்னால் பாதிப்பேர் அடங்குவார்கள் என்பது அதன் பொருள். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் குவிமாட அரங்கில் 2019-ஆம் ஆண்டு டியூக் அணிக்கு எதிரான ஆட்டத்தை 35,642 பேர் பார்த்தார்கள். அங்கே கடைசி வரிசையில் இருப்பவருக்கு விசில் சத்தம் கேட்காது, கை தெரிந்தால்தான் உண்டு. மேலும், சார்ஜா பிளாக்கா என்பது இந்த ஆட்டத்திலேயே மிகக் கடினமான தீர்ப்பு. 2013-14 பருவத்தில் அதன் விதியையே மாற்றினார்கள். அந்தப் பருவத்தில், 2014 பிப்ரவரி 22 அன்று, டியூக் அரங்கில் ஆட்டம் முடிய 10.4 நொடிகள் இருந்தபோது சிரக்யூஸ் வீரர் மீது சார்ஜ் கொடுக்கப்பட்டது. கோச் ஜிம் போஹைம் கோட்டைக் கழற்றிக்கொண்டே களத்துக்குள் ஓடி வந்து வெளியேற்றப்பட்டார். அன்று கூத்து கோச்சுடையது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடத்தை என்று வரும்போது நடுவர் டெட் வேலன்டைனைத் தவிர்த்து எழுத முடியாது. பெயரின் முதலெழுத்துகளை வைத்து ‘டிவி டெடி’ என்று ரசிகர்கள் அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்பது அவருக்கு எப்போதும் தெரியும் என்பதுதான் அந்தக் கிண்டல். 1998 பிப்ரவரி 24 அன்று இந்தியானா அணியின் கோச் பாப் நைட்டுக்கு ஒரே ஆட்டத்தில் மூன்று டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை, கொடுத்து வெளியே அனுப்பியவர் அவர். நைட் 1985-இல் களத்தில் நாற்காலியை வீசியவர் என்பதால், அந்த மோதலில் நடுவர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. 2018 ஜனவரி 3 அன்று நடந்தது வேறு. வட கரோலினா அணியின் ஜோயல் பெரி ஏதோ கேட்க வந்தார். வேலன்டைன் கைகளைக் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார். அந்த முதுகு நாடு முழுவதும் காணொளியாகப் பரவியது. கத்தியிருந்தால்கூட ஒரு பதிலாக இருந்திருக்கும். கேட்க வந்த மாணவனுக்கு முதுகைக் காட்டுவது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத சைகை.

அதைவிட எனக்கு உறுத்துவது 2012 பிப்ரவரி 18-ஆம் தேதி நிகழ்ச்சி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆட்டத்தில், அந்த அணியின் முன்னாள் நட்சத்திரங்களான டாம் குக்லியோட்டாவும் கிறிஸ் கார்க்கியானியும் பார்வையாளர் இருக்கையிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவர் கார்ல் ஹெஸ் அவர்களை அரங்கத்தைவிட்டே வெளியேற்றச் செய்தார். பார்வையாளரோடு பிரச்சினை என்றால் அரங்க நிர்வாகியிடம் சொல்வதுதான் முறை. முறையைப் பின்பற்றவில்லை என்று அந்த அணி ஆடும் கான்ஃபரன்ஸே, அதாவது பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த கூட்டமைப்பே, அவரைக் கண்டித்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. களத்தில் கிடைக்கும் பார்வை போதாமல் இருக்கைப் பக்கமும் திரும்பும் நடுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

இந்தச் சேவையை யார் வழங்குகிறார்கள் என்று கேட்டால் பதில் குழப்பமானது. நடுவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்களும் இல்லை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் ஊழியர்களும் இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கான்ஃபரன்ஸ்களிடம் பணம் பெறும் சுதந்திர ஒப்பந்தக்காரர்கள். ஆண்கள் ஆட்டத்தின் நடுவர்களுக்கு நாடு முழுவதற்குமான ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்ததே 1986-இல் ஹேங்க் நிக்கல்ஸ் பொறுப்பேற்றபோதுதான். நல்ல பெயரெடுத்தவர் திங்கட்கிழமை ஒரு கான்ஃபரன்ஸ், புதன்கிழமை இன்னொன்று என்று நகரம் நகரமாகப் பறந்துகொண்டிருப்பார். முதுகைத் திருப்பிய ஆட்டம் ஏசிசி கான்ஃபரன்ஸில் நடந்தது. வேலன்டைனைத் தன் இரண்டு ஆட்டங்களிலிருந்து நீக்கியது பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸ். ஒரு கடையில் தட்டை உடைத்தவரை வேறொரு கடை இரண்டு நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னதுபோல இருந்தது.

மேலே இருப்பவர்களின் தொனியும் கீழே இறங்கத்தான் செய்யும். பேக்-12 கான்ஃபரன்ஸில் நடுவர்களின் தலைவராக இருந்த எட் ரஷ், அரிசோனா கோச் ஷான் மில்லருக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுப்பவருக்கு 5,000 டாலர் அல்லது மெக்சிகோவின் கான்கூனுக்கு உல்லாசப் பயணம் என்று நடுவர் கூட்டத்தில் பேசியது வெளியே வந்து, 2013 ஏப்ரலில் பதவி விலகினார். வேடிக்கைக்காகச் சொன்னதாகவே கான்ஃபரன்ஸ் விளக்கியது. இருக்கலாம். ஆனால் அவர் பதவி விலகுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கான்ஃபரன்ஸ் போட்டியில் மில்லர் உண்மையிலேயே ஒரு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கியிருந்தார். வேடிக்கை எங்கே முடிகிறது என்று டிக்கெட் வாங்கியவன் எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாகிவிடுவேன். 2011 மார்ச்சில் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் போட்டியில் ரட்கர்ஸ், செயின்ட் ஜான்ஸ் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வெளிப்படையான தவறுகளைக் கவனிக்காமல் விட்ட மூன்று நடுவர்களும் மீதிப் போட்டியிலிருந்து தாங்களே விலகிக்கொண்டார்கள். 2017-இல் கென்டக்கி அணி வட கரோலினாவிடம் தோற்ற பிறகு, நடுவர் ஜான் ஹிக்கின்ஸ் ஒமாஹா நகரில் நடத்திவந்த கூரை வேலை நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, பொய்யான மதிப்புரைகளையும் மிரட்டல்களையும் கொட்டினார்கள் ரசிகர்கள். நடுவர் சேவையை மதிப்பிடுவது வேறு, அவருடைய பிழைப்பில் கை வைப்பது வேறு. இந்த மதிப்புரையில் நான் கண்ட அந்தத் துள்ளல்காரரின் பெயரையும் அரங்கின் பெயரையும் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நல்ல சேவையையும் இதே இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஜனவரியில் ஒரு நடுவர் வந்தார், தலை நரைத்தவர். முதலாண்டு மாணவன் ஒருவன் தன்மீது விழுந்த ஃபவுலுக்காகக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். அவர் பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவன் அருகில் போய், வாயை மறைக்காமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பையன் தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றான். மொத்தம் மூன்று நொடி. அந்த ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று என் மகள் கேட்டாள். எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பருவச்சீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி அரங்கிலிருந்து அனுப்பிய படிவத்தில் வாகன நிறுத்தம், பாப்கார்ன், கழிவறை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக நட்சத்திரம் கேட்டிருந்தார்கள். நடுவர்களுக்குக் கட்டமே இல்லை. ‘பிற கருத்துகள்’ என்ற இடத்தில், கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்ட அந்த இரண்டாம் நடுவரைப் பற்றி எழுதினேன். இருநூறு எழுத்துகளுக்கு மேல் ஏற்க முடியாது என்று படிவம் திருப்பி அனுப்பியது. துள்ளியவரைப் பற்றிய வரிகளை வெட்டிவிட்டு, துடைத்தவரைப் பற்றியதை மட்டும் வைத்து அனுப்பினேன்.