தில்லைநகர் ஜிம்மில் ஒரு சேர்க்கைப் படிவம்

திருச்சி தில்லைநகரில் நான் சேரப் போன உடற்பயிற்சி நிலையத்தின் சேர்க்கைப் படிவத்தில், "நோக்கம்" என்ற தலைப்பின் கீழ் எடை குறைக்க, எடை கூட்ட, உடற்கட்டு என்று மூன்றே கட்டங்கள் இருந்தன. எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆன ஒருவன் இவற்றில் எதைக் குறிப்பது? குறைய வேண்டியது குறைந்துவிட்டது. கூட்டினால் லண்டன் மருத்துவமனையில் பட்ட பாடெல்லாம் வீண். மேடையேறி மார்பைக் காட்டும் ஆசையோ இந்த வயதில் இல்லை. இருக்கிற தசை கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் நோக்கம் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் விளக்கினேன். "அப்ப வெயிட் லாஸ்னே போட்டுக்கிறேன் சார்" என்று அவரே குறித்துக்கொண்டார்.

தங்கை மகள் திருமணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். விமானம், ரயில், மண்டபம், பந்தி எல்லாம் நன்றாகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த ஜிம் விவகாரம் மட்டும் லண்டனில் நான் வசிக்கும் ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்பிய பிறகும் மனத்தைவிட்டு அகலவில்லை. என்னைப் போல இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டு விடுமுறைக்கு ஊர் போகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செய்துகொண்டது இரைப்பை பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையைத் தனியே பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். முதல் ஒன்று ஒன்றரை ஆண்டில் எடை மளமளவென்று இறங்குகிறது. ஆனால் இறங்குவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் சேர்ந்தே போகிறது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சாப்பிட வேண்டும் என்பார்கள். அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும் காலத்தில் அந்தக் கணக்கை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காலில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, அங்கே அறுவை சிகிச்சை நடந்த அன்று மாலையே கட்டிலைவிட்டு எழுப்பி நடக்கவைத்தார்கள். உட்காயம் ஆறும்வரை சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று தடுத்தவர்களே, அது ஆறியபின், தசை கரையாமல் இருக்க, எடை தூக்கும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது விடக் கூடாது என்று வற்புறுத்தினார்கள். நடை இதயத்துக்கு நல்லது. தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. ஊருக்குப் போனாலும் ஜிம்மைத் தேடியதற்கு இதுவே காரணம்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் பகுதி நகராட்சியின் உடற்பயிற்சி நிலையத்தில் ஒரு நாளுக்கு மட்டும் காசு கட்டிப் போகலாம். தில்லைநகரில் அந்த வழக்கமே இல்லை. ஒரு மாதத்துக்குக் கட்டுவதைவிட மூன்று மாதத்துக்குக் கட்டுவதுதான் லாபம் என்று அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். நான் ஊரில் இருக்கப்போவதே ஒரு மாதத்துக்கும் குறைவு என்று சொன்னதை அந்தக் கணக்கில் எங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆடிமாதத் துணிக்கடைத் தள்ளுபடியில் வேண்டாத சட்டையையும் சேர்த்து எடுத்துவரும் மனநிலையில் 4,500 ரூபாயைக் கட்டினேன்.

கட்டிய பிறகுதான், படிவத்தின் பின்பக்கத்தில் "அறுவை சிகிச்சை ஏதேனும்" என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்து அவர் முகம் மாறினார். இதயம் அன்று, இரைப்பை என்று எடுத்துச் சொன்ன பிறகும், டாக்டர் லெட்டர் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். எனக்கு இதில் கோபமில்லை, சொல்லப்போனால் மகிழ்ச்சிதான். ஊரில் ஒரு ஜிம் இவ்வளவு பொறுப்பாகக் கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டு சாஸ்திரி ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு சிறிய கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் வாங்கி, முக்கால் மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து, 300 ரூபாய் கொடுத்து, முத்திரை குத்திய கடிதத்தோடு வெளியே வந்துவிட்டேன். லண்டனில் இத்தகைய கடிதம் தேசிய மருத்துவச் சேவையில் அடங்காது. தனியே கட்டணம் கட்டி, வரவேற்பாளரின் தயவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருத்துவரைப் பார்ப்பதற்கே காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசை நின்று பழகிய எனக்கு, அந்தக் கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலி சொர்க்கமாகத் தெரிந்தது. ஆனால் அந்த மருத்துவர் என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. கடிதத்தில் இருந்ததும் ஒற்றை வரி: உடற்பயிற்சிக்குத் தகுதியானவர். ஜிம்மில் அந்த ஒற்றை வரியையும் யாரும் படிக்கவில்லை. வாங்கினார்கள், துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார்கள், உள்ளே போகச் சொன்னார்கள்.

உள்ளே மாஸ்டர் காத்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். வெறுங்காலோடு ஓர் இயந்திரத்தின் மேல் நிற்கச் சொல்லி, கைப்பிடிகளைப் பிடிக்கவைத்து, அச்சாகி வந்த தாளை என்னிடம் நீட்டினார். 86 கிலோ, உடல் நிறைக் குறியீடு 29, எல்லாமே சிவப்பு மையில். 128 கிலோவில் இருந்தவன் 86-க்கு வந்ததை லண்டனில் என் மருத்துவக் குழு வெற்றி என்று கைகுலுக்கிக் கொண்டாடியது. தில்லைநகர் இயந்திரத்துக்கோ நான் இப்போதுதான் வாசலில் வந்து நிற்கும் பருத்த மனிதன். இந்தியர்களுக்கு 23-க்கு மேலே போனாலே அதிக எடை என்று வைத்திருப்பது சரியான அளவுகோல்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஒரு மனிதன் எங்கிருந்து புறப்பட்டு அந்த எண்ணுக்கு வந்திருக்கிறான் என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை என்பதுதான் என் குறை.

"மூணு மாசத்துல பத்துக் கிலோ இறக்கிடலாம்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார் மாஸ்டர். அவர் போட்டுத் தந்த திட்டம் இது: விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஒரு மணி நேரம் டிரெட்மில்லில் ஓட வேண்டும், முடித்ததும் இரண்டு கரண்டி புரோட்டீன் பவுடரைப் பாலில் கலக்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், இரவில் சாப்பாடே கூடாது, எடை தூக்குவதெல்லாம் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு. என் உடம்புக்கு எதெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் தேடிப் பிடித்து எழுதினால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. வயிறு காய்ந்த நிலையில் நீண்ட நேரம் ஓடினால், போதிய புரதம் எட்டாத உடம்பு தசையையும் சேர்த்து எரிக்கும். ஒரே மூச்சில் குடிக்க அந்தச் சிறு பை இடம் கொடுக்காது. நாங்கள் தண்ணீரையே மடக்கு மடக்காகத்தான் குடிக்கிறோம், அதுவும் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி நேரம் தள்ளி.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். தம்பி தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "முதல் நாள் லைட்டாப் பண்ணுவோம்ணே" என்று என்னை டிரெட்மில்லிலேயே ஏற்றினார். மின்விசிறி சுழன்றதே தவிரக் காற்று வரவில்லை. திருச்சி வெயிலில் பத்து நிமிடத்துக்குள் சட்டை நனைந்துவிட்டது. நான் வியர்த்ததைப் பார்த்து இரக்கப்பட்டு, அவர் ஒரு பெரிய டம்ளரில் குளுக்கோஸ் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "ஒண்ணும் செய்யாதுண்ணே, தெம்பா இருக்கும்" என்றார். பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும், தம்பி அன்போடு கொடுக்கும்போது மறுக்கலாமா என்று பரிந்துரைத்தார். பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை நீர் என்ன செய்யும் என்று அந்த இருவருக்கும் நான் நின்றபடியே பாடம் நடத்த வேண்டியதாயிற்று: இனிப்பு சிறுபையில் தங்காமல் குடலுக்குள் அப்படியே கொட்டும், அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், சிலருக்குப் பேதியாகும், அத்தோடு விடாமல் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சுரந்த இன்சுலின் மிகுதியால் இரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கித் தலைசுற்றும். அதாவது தெம்புக்குக் கொடுப்பதே என்னைக் கீழே தள்ளும். பெரியவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப சுகரா?" என்றார்.

இந்தக் கேள்வி அந்த ஜிம்மோடு முடியவில்லை. மண்டபத்தில் என்னைப் பார்த்த உறவினர்களில் பாதிப் பேர் கேட்டதும் இதுவே; மீதிப் பேர் கேட்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஊரில் ஒருவன் இளைத்தால் சர்க்கரை, இல்லாவிட்டால் கவலை. வேறு காரணம் இருக்க வழியில்லை. அந்த விசாரிப்பில் இருக்கும் அக்கறையை லண்டனில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே 40 கிலோ குறைந்து போய் நின்றபோது என் அலுவலகத்தில் முடி வெட்டிக்கொண்டீர்களா என்று கேட்டார்கள்.

மாஸ்டரின் இன்னொரு நம்பிக்கை, என் வயிற்றில் தொங்கும் தோலைப் பற்றியது. தினமும் நூறு முறை வயிற்றுப் பயிற்சி செய்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னார். விரிந்து தளர்ந்துவிட்ட தோல் பயிற்சியால் சுருங்காது. உள்ளே இருக்கும் தசைதான் வலுப்படும். தோலை அகற்ற வேறோர் அறுவை சிகிச்சை வேண்டும். அதற்கு இங்கிலாந்திலும் அரசு எளிதில் பணம் தருவதில்லை. என்ன சொல்லியும் அவர் என்னை விரிப்பில் படுக்கவைத்து எண்ணத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. தெருமுனை மெடிக்கலில் வலி என்று சொன்னதுமே, கடைக்காரர் நான்கு நிற மாத்திரைகளைச் சிறு காகித உறையில் போட்டு நீட்டினார். அதில் டைக்ளோஃபெனாக் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை வலிமாத்திரைகள் ஆகாது. பையும் குடலும் இணைந்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. இரைப்பை பைபாஸ் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அந்த உறையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அப்ப பாராசிட்டமால் மட்டும் போதும் சார், கேஸ் மாத்திரை ஏதும் எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். இதே ஊரில் கடிதம் எழுதித் தந்த மருத்துவர் கேட்காத கேள்வி அது. பணம் கட்டிச் சேர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் விளக்கியும் ஏறாதது, இரண்டு ரூபாய் மாத்திரை விற்பவருக்கு ஒரு சொல்லில் புரிந்தது. இரத்தப் பரிசோதனைக்கு ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், அயச்சத்து, பி12, டி வைட்டமின் முடிவுகளை அன்று மாலையே கைப்பேசிக்கு அனுப்பிவைத்ததையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

ஜிம்முக்கு அதன்பின் நான் போகவில்லை. காலையில் கிளம்பி மலைக்கோட்டைப் படியேறினேன். சிறுவயதில் உச்சிப்பிள்ளையார் வரை ஓடியே ஏறி, மணி அடித்துவிட்டு ஓடியே இறங்கியிருக்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஊர்ப் பயணத்தில் தாயுமானவர் சந்நிதியைக்கூட எட்ட முடியாமல், மாணிக்க விநாயகரைக் கீழேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போது 400-க்கும் மேற்பட்ட படிகளை இரண்டு இடங்களில் நின்று ஏறிவிட்டேன். மூச்சு தாங்கியது, இறங்கும்போதுதான் தொடை நடுங்கியது. உடம்பின் பளுவைப் படிக்குப் படி தாங்கி இறக்குவது தொடைத் தசைதான், அது குறைந்தவனுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். இதைத்தான் நான் அந்தத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற நாள்களில் அண்ணா விளையாட்டரங்கில் நடந்தேன். வீட்டில் அம்மாவின் மர நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும், இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்குவதையும் பயிற்சியாக வைத்துக்கொண்டேன். அடுத்த முறை பெட்டியில் ரப்பர் பட்டைகளை எடுத்துப் போவதாக இருக்கிறேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, கட்டிய தொகையைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்கள். மீதிக் காலத்தையாவது மச்சான் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்றேன். பெயர் மாற்ற 500 ரூபாய் ஆகும் என்றார்கள். ரசீதின் பின்னால் அச்சிட்டிருக்கும் விதிகளில் அப்படி ஒன்றும் இல்லையே என்று படம் எடுத்து அனுப்பினேன். மேலாளர் வந்ததும் கேட்டுச் சொல்வதாக வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. மேலாளர் இன்னும் வந்தபாடில்லை. மூன்று மாதம் முடியப்போகிறது.