ராமேஸ்வரமா, கீழக்கரையா, ராமநாதபுரமா? மூன்று ஊரின் ஆள்கணக்கும் பணக்கணக்கும்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கடை போடலாமா, இடம் வாங்கிக் குடியேறலாமா என்று யோசிக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது மூன்று பெயர்களில்தான். மாவட்டத்திலேயே பெரிய ஊர் பரமக்குடி. 2011 கணக்கெடுப்பில் 95,579 பேர். ஆனால் அது வைகைக் கரையில் இருக்கிற நெசவு ஊர், கடலோரக் கணக்கில் வராது. தொண்டி, மண்டபம் இரண்டும் பேரூராட்சிகள். மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், கடலோரக் காவல்படை, இலங்கை அகதிகள் முகாம் எல்லாம் உண்டு. ஆனாலும் கடைத்தெரு என்று பார்த்தால் சிறியது. மிச்சம் இருப்பவை ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம்.

மூன்றும் நகராட்சி. 2011-இல் ராமேஸ்வரத்தில் 44,856 பேர், கீழக்கரையில் 38,355 பேர், மாவட்டத் தலைநகரில் 61,440 பேர். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கப்போகிறது என்பதால், அதுவரை எல்லோரும் இந்தப் பழைய எண்களையே தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. வங்கிக் கடன் மனுவிலும் இதைத்தான் எழுதுகிறார்கள்.

எண் பழசு என்பதைக்கூட விட்டுவிடலாம். புதிதாக எடுத்தாலும் இந்த மூன்று ஊரிலும் மக்கள் தொகை மூன்று விதமாக ஏமாற்றும். ராமேஸ்வரத்தின் எண்ணில் அங்கே செலவழிக்கிற ஆட்கள் இருக்க மாட்டார்கள். கீழக்கரையின் எண்ணில் அந்த ஊருக்காகச் சம்பாதிக்கிற ஆட்கள் இருக்க மாட்டார்கள். ராமநாதபுரத்தின் எண்ணோ, ஊர் எங்கே முடிகிறது என்பதையே தப்பாகச் சொல்லும்.

ராமேஸ்வரம்: வருகிறவர் பணம்

அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தமும் ஆடி வெளியே வருகிற ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் போதும், ஊரின் பொருளாதாரம் புரிந்துவிடும். உடை மாற்ற இடம், டீ, டிபன், சங்கு சிப்பி மாலை, தனுஷ்கோடிக்கு வேன், சாயங்காலம் வரை ஒரு அறை. இத்தனையும் அரை நாளில் நடந்து முடிந்துவிடும். காசி யாத்திரை போகிறவர் ராமேஸ்வரத்து மணலை எடுத்துப் போவதும், கங்கை நீரை இங்கே கொண்டு வருவதும் பழைய வழக்கம் என்பதால், வடநாட்டுக் கூட்டம் வருடம் முழுக்க வரும். அதனால் நான்கு வார்த்தை இந்தி தெரியாத கடைக்காரரை ரத வீதிகளில் பார்ப்பது சிரமம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஊருக்குள் நிற்கக்கூட இடம் இருக்காது. 2017 ஜூலையில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரைக்குமான சாலையும் திறந்த பிறகு, கோயிலுக்கு வராதவர்களும் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் ஊரின் பாதி கோயில் பக்கம் இல்லை, துறைமுகம் பக்கம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். காற்று பலமாக இருந்தால், கடலுக்குப் போக அனுமதிக்கிற டோக்கனை மீன்வளத் துறை தராது. டோக்கன் இல்லையென்றால் படகு போகாது, படகு போகாவிட்டால் ஐஸ் கட்டி விற்காது, டீசல் விற்காது, வலை தைக்கிறவருக்குக் கூலி இல்லை, மளிகைக் கடை நோட்டில் கடன் ஏறும். எல்லைப் பிரச்சினையில் இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டால் ஆள் சில மாதத்தில் திரும்பி வரலாம், படகு திரும்பி வருவது அரிது. ஒரு படகை நம்பி நாலைந்து குடும்பம் இருக்கும்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு சந்தை. கோயில் பக்கத்துக் கடை பள்ளி விடுமுறைக் காலமான மே மாதத்தில் அள்ளும். அதே மே மாதத்தில் துறைமுகம் பக்கத்துக் கடை ஈ ஓட்டும். ராமேஸ்வரத்தில் கடை பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்பதற்கு முன்னால், அந்தத் தெரு எந்தச் சந்தையைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். பாலின விகிதத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம்: ஆயிரம் ஆணுக்கு 969 பெண், மாவட்ட சராசரி 983. லாட்ஜ், ஹோட்டல், படகு என்று வெளியூர் ஆண்கள் வந்து தங்கி வேலை பார்க்கிற ஊர் என்பதற்கு இது ஒத்துப்போகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதோடு பாம்பன் ரயில் பாலமும் சேதமான கதை எல்லோருக்கும் தெரியும். சமீபத்திய பாடம் வேறு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கிற வரைக்கும் ரயில்கள் மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ திரும்பின. 1988-இல் வந்த சாலைப் பாலம் இருந்ததால் ஊர் தாங்கியது. ஆனாலும் ரயிலில் வருகிற யாத்திரிகர்தான் லாட்ஜில் தங்குகிறவர். காரில் வருகிறவர் சாமி கும்பிட்டுவிட்டு ராத்திரியே மதுரைக்குத் திரும்பிவிடுவார். தீவில் முதலீடு செய்கிறவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

கீழக்கரை: போனவர் பணம்

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணம். ரயில் கிடையாது. வருகிறவருக்குப் பார்க்க அந்த ஊர் எதையும் கடை பரப்பி வைத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் இந்தக் கடலோரத்தில் பணம் அதிகம் புழங்குகிற ஊர்களில் ஒன்று. இது வளைகுடாவோடு தொடங்கியதும் அல்ல. முத்து, சங்கு, கப்பல் என்று மரக்காயர்கள் வாணிபம் செய்த பழைய துறைமுகம். ராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர். பிறகு இலங்கையில் ரத்தினக்கல் வியாபாரம், அதற்குப் பின் துபாய். சென்னை அண்ணா மேம்பாலத்தைக் கட்டிய நிறுவனத்தையும் கிரசென்ட் கல்லூரியையும் தொடங்கிய பி.எஸ். அப்துர் ரஹ்மான் இங்கே பிறந்தவர்தான். வெளியே போய்ச் சம்பாதிக்கிறவரை 'சபராளி' என்பார்கள். சில தெருக்களில் சபராளி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கணக்கெடுப்பு நடக்கும்போது வெளிநாட்டில் இருக்கிறவர் எண்ணிக்கையில் வர மாட்டார். ஆகவே 38,355 என்பது ஊரில் இருப்பவர்கள். அந்த வீடுகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள் அதற்கு வெளியே. ராமேஸ்வரத்தில் தலைக்கு ஒரு டீ என்று பெருக்கிக் கணக்குப் போடலாம். கீழக்கரையில் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்றுதான் போட வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர் தடுக்கி விழுவது இங்கேதான். கீழக்கரையில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். இரண்டு மகள் இருந்தால் இரண்டு வீடு. மாடி எடுத்தோ, இருக்கிற வீட்டைப் பிரித்தோ, பக்கத்து மனையை வாங்கியோ எப்படியாவது கொடுத்தாக வேண்டும். தெருவுக்குத் தெரு ஜமாத், உறவுகளெல்லாம் அதே தெருவில். அதனால் ஊருக்குள் ஒரு மனை விலைக்கு வருகிறது என்றால், அதை வாங்க உள்ளூரிலேயே மூன்று தகப்பன்மார் காத்திருப்பார்கள். சந்தை விலை என்று ஒன்று இங்கே இல்லை, தேவைக்கு ஏற்ற விலைதான். வெளியூர்க்காரர் நுழைந்து நியாய விலைக்கு வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இதில் ஒரு நல்லதும் உண்டு: கணவர் துபாயில் இருந்தாலும் வீட்டில் சாவி பெண்ணிடம்தான் இருக்கும், வீடும் அவருக்குப் பிறந்த வீட்டார் கொடுத்ததாகத்தான் இருக்கும். சாமான் வாங்குவது, பிள்ளை படிப்பு, மருத்துவச் செலவு எல்லாம் அவர் முடிவு. கீழக்கரையில் கடை வைக்கிறவர் முதலில் இதை மனதில் வைத்துச் சரக்கு எடுக்க வேண்டும்.

படிப்பிலும் இது தெரிகிறது. முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984-இல் வந்தது. தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-இல். நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் அந்தக் காலத்திலேயே பெண்களுக்குத் தனிக் கல்லூரி. வெளியே போனவர்களின் பணம் கட்டடமாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இவைதான்.

உள்ளூர்த் தொழில் அதிகம் இல்லை. சங்கு வியாபாரம் இன்னும் உண்டு. வளையல் அறுக்க வங்காளம் வரை போகிறது. தொதல் என்கிற இனிப்புப் போடுகிற கடைகள் இருக்கின்றன; தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் கொதித்து இறுகும் வரை நின்று கிண்டுகிற அந்த வேலையை மிஷினிடம் கொடுத்தால் ருசி போய்விடும் என்பது என் கட்சி. மற்றபடி ஊர் ஓடுவது வரவுப் பணத்தில். வளைகுடாவில் வேலை குறைந்தால், அங்கே உள்நாட்டுக்காரருக்கே வேலை என்று சட்டம் இறுகினால், அடுத்த மாதமே கீழக்கரையில் பாதி கட்டிய மாடி அப்படியே நிற்கும். 2020-இல் விமானம் நின்றபோது இது கண்கூடாகத் தெரிந்தது. ரம்ஜானுக்கு முந்தின வாரங்களும், சபராளிகள் லீவில் வருகிற மாதங்களும் மட்டும் தனி. அப்போது கடையில் ஆள் போட்டாலும் போதாது.

ராமநாதபுரம்: சம்பளப் பணம்

இங்கே சொல்ல ஒரு வேடிக்கை இருக்கிறது. 2001-இலும் இந்த நகராட்சியில் ஏறக்குறைய இதே அளவுதான் மக்கள். பத்து வருடத்தில் ஊர் வளரவே இல்லை என்று காகிதம் சொல்கிறது. நேரில் போனவர் நம்ப மாட்டார். வளர்ந்தது எல்லாம் எல்லைக்கு வெளியே: பட்டினம்காத்தான், சக்கரக்கோட்டை ஊராட்சிகளில். கலெக்டர் அலுவலகமே பட்டினம்காத்தானில்தான் இருக்கிறது. பாரதி நகரைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலை பிரிகிற பக்கம் போனால் ஷோரூம், கல்யாண மண்டபம், தனியார் மருத்துவமனை என்று வரிசையாக நிற்கின்றன. அரண்மனைத் தெருவில் பழைய ஜவுளிக் கடைகள் இன்னும் தெம்பாக இருந்தாலும், புதுக் கடை தேடுகிறவர் பார்வை கிழக்கே திரும்பி ரொம்ப நாளாகிவிட்டது.

பணம் எங்கிருந்து? அரசுச் சம்பளம், ஓய்வூதியம், கோர்ட், பள்ளிக்கூடம், 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம். இதோடு சுற்றுவட்டார விவசாயி. குறிப்பாக மாசியிலிருந்து முண்டு மிளகாய்ப் பணம். அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழக்கரைக்காரர் நகை வாங்க வருவதும், ராமேஸ்வரத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு வருவதும் இங்கேதான். அதாவது மற்ற இரண்டு ஊரின் பணத்திலும் ஒரு பங்கு இந்த ஊர் வழியாகப் போகிறது. ஆனால் எதுவும் ஒரே நாளில் கொட்டாது. மாதத்தின் முதல் பத்து நாள் வியாபாரம், பிறகு மந்தம், மறுபடி ஒன்றாம் தேதி.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

தண்ணீர்: மூன்றும் சமம், மூன்றும் கஷ்டம். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிற காட்சி மாவட்டத்தை விட்டுப் போகவில்லை. கீழக்கரையில் போர் போட்டால் பெரும்பாலும் உப்பு. வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் ருசி பாருங்கள்.

மருத்துவம், போக்குவரத்து: ராமநாதபுரத்துக்குப் போட்டியே இல்லை. மதுரை ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் எந்நேரமும். பிள்ளைகள் படிப்பில் மட்டும் கீழக்கரை தோளோடு தோள் நிற்கும்.

கட்டடம்: ராமேஸ்வரம் தீவில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். மனை மலிவாகக் கிடைக்கிறதே என்று கரையோரமாக வாங்கிவிட்டு, வரைபட அனுமதிக்கு அலைகிறவர்கள் உண்டு.

ஆபத்து: ராமேஸ்வரத்துக்கு ஆபத்து காற்றிலும் எல்லையிலும். கீழக்கரைக்கு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி யாரோ எடுக்கிற முடிவில். ராமநாதபுரத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை, பெரிய யோகமும் இல்லை.

என் தேர்வைக் கேட்டால், பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக ஓட வேண்டிய தொழில், அதாவது மருந்துக் கடை, மளிகை, ஹார்டுவேர், ஸ்கேன் சென்டர் எல்லாம் பட்டினம்காத்தான் பக்கம். சாப்பாடு, தங்கும் அறை, வேன் என்றால் ராமேஸ்வரம். ஆனால் ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். கீழக்கரையில் வெளியூர்க்காரருக்கு நான் கடையைச் சொல்வேன், வீட்டைச் சொல்ல மாட்டேன். உள் அலங்காரம், மின்சாதனம், குழந்தைகள் துணி, நல்ல பேக்கரி: இவற்றுக்கு அங்கே பேரம் குறைவு, தரம் பார்ப்பது அதிகம். வாடகைக்குப் பேசும்போது உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், சாவி அவர் மாமனார் கையில் இருக்கும்; ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து, அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம் (பவர்) யாரிடம் என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பட்டினம்காத்தானிலும் சக்கரக்கோட்டையிலும் மனை வாங்குகிறவர் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்தப் பக்கம் கண்மாய்களும் வரத்துக் கால்களும் நிறைய. பல பிளாட்டுகள் சாலையைவிடத் தாழ்வு. கார்த்திகை மாதம் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.