ஒபி-வான் ஏன் பொய் சொன்னவர்? ஆயுதமோ, பாதுகாப்போ, துக்கமோ

நல்லூர் திருவிழா லீவுக்கு வந்து நிண்ட மருமோனுக்கு ஸ்டார் வோர்ஸ் படங்கள வெளிவந்த வரிசையிலயே போட்டுக் காட்டினனான். 1983 படத்தில செத்துப்போன குரு ஒபி-வான் ஆவியா வந்து தன்ர மாணவன் லூக்கோட கதைக்கிற சீன் முடிய, "மாமா, உவர் லூக்க வச்சு வேலை வாங்கினவரோ, இல்லாட்டி உண்மையா விருப்பமோ?" எண்டு கேட்டான். நழுவாமப் பதில் சொல்லோணும் எண்டா ஏதாவது ஒரு பக்கம் எடுக்கத்தான் வேணும், நான் எடுத்திட்டன், அதைத்தான் இங்க எழுதுறன்.

விஷயம் இதுதான். 1977 படத்தில "என்ர அப்பா எப்பிடிச் செத்தவர்?" எண்டு லூக் கேக்க, டார்த் வேடர் எண்ட என்ர மாணவன் ஒருத்தன்தான் காட்டிக்குடுத்துக் கொலை செய்தவன் எண்டு ஒபி-வான் சொல்லுறார். 1980 படத்தில பாத்தா அந்த வேடர்தான் அப்பா, ஒபி-வான் வளத்துப் படிப்பிச்ச அனகின்தான் பிறகு கெட்டுப்போய் வேடர் ஆனவன்.

இந்தப் படங்கள உண்டாக்கின ஜோர்ஜ் லூக்கஸ் கதைய பிறகுதான் மாத்தினவர், ஒபி-வானுக்கு நோக்கம் எண்டு ஒண்டும் இல்லை எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அது சரிதான், 1980 படத்துக்கு 1978ல லீ பிராக்கெட் எழுதின முதல் டிராஃப்ட்டில லூக்கின்ர அப்பா வேற ஆள், வேடர் வேற ஆள். ஆனா ஆறு படமும் முடிஞ்ச பிறகு நாங்கள் பாக்கிறது ஒரே மனுசனத்தானே, அவருக்குள்ள என்ன ஓடினது எண்டு கேக்கிறதில பிழை இல்லை.

முதலாவது விளக்கம், லூக் அவருக்கு ஒரு ஆயுதம். தகப்பன் எண்டு தெரிஞ்சா பெடியன் வாள் தூக்க மாட்டான், அதால மறைச்சவர். இதுக்குச் சாட்சி கனக்க இருக்கு. 1977 படத்தில லைட்சேபர் எண்ட ஒளி வாளக் குடுக்கேக்க "நீ வளந்த பிறகு உனக்குக் குடுக்கச் சொல்லி அப்பா விரும்பினவர்" எண்டு சொல்லுறார், ஆனா அது 2005 படத்தில அனகின் எரிஞ்சுகொண்டு கிடக்கேக்க ஒபி-வான் நிலத்தில இருந்து எடுத்துக்கொண்டு போன வாள். அதவிட 1977 படத்தில டெத் ஸ்டார் எண்ட எதிரியின்ர விண்வெளிக் கோட்டையில வேடரோட சண்டை பிடிக்கேக்க லூக்கைத் திரும்பிப் பாத்து லேசாச் சிரிச்சிட்டு வாள நேரா நிமித்திப் பிடிச்சுக்கொண்டு வெட்ட விடுறார், அதுவும் பெடியனின்ர கண்ணுக்கு முன்னால. இந்த சீனுக்கு என்னட்ட முழுசாப் பதில் இல்லை, ஆயுதம் எண்டு சொல்லுறாக்களுக்கு இதுதான் பலமான இடம்.

ரெண்டாவது, பாதுகாப்பு. எங்கட ஊரில இது சொல்லித் தெரியத் தேவையில்லை, தகப்பனுக்கு என்ன நடந்தது எண்டு பிள்ளைக்குச் சொல்லாம, கேக்கிற நேரமெல்லாம் கதைய மாத்தி வளத்த வீடுகள் எத்தினையோ. அதால இந்த விளக்கம் எங்களுக்கு டக்கெண்டு ஒட்டும். ஆனா பாதுகாக்க நினைக்கிறவர் அதே கதையில கொலைகாரனின்ர பேரையும் சொல்லி, கையில வாளையும் குடுத்து, என்னோட வா எண்டு கூப்பிடுவாரோ? அந்த இடத்தில இது நிக்காது.

நான் எடுத்தது மூண்டாவது. ஒபி-வான் அந்தப் பொய்ய லூக்குக்காக உண்டாக்கேல்ல, அவர் உயிரோட இருக்கிறதுக்கு அது அவருக்கே தேவைப்பட்டது.

இதுக்கு 2005 படத்தில ஒரு சின்னச் சீன் இருக்கு, கனபேர் சண்டையளுக்காகக் காத்துக்கொண்டு இருந்து அதை விட்டிடுவினம். ஜெடாய் எண்ட வீரர்களின்ர கோயில்ல அனகின் செய்த கொலையளுக்குப் பிறகு, ஜெடாய்களின்ர மூத்த குரு யோடா அனகினோட சண்டைக்குப் போகச் சொல்ல, ஒபி-வான் மாட்டன் எண்டுறார். என்னை எம்பரரிட்ட அனுப்புங்கோ, அனகின் எனக்குச் சகோதரன் மாதிரி, என்னால ஏலாது எண்டு கெஞ்சாத குறையாச் சொல்லுறார். அதுக்கு யோடா என்ன சொல்லுறார் எண்டா, நீ வளத்த பெடியன் இப்ப இல்லை, டார்த் வேடர் அவன விழுங்கிட்டான் எண்டு. கவனிச்சுப் பாருங்கோ, 1977 படத்தில லூக்குக்குச் சொன்ன கதை இதேதான். வேடர் ஒருத்தன், அனகின் இன்னொருத்தன், அவன் இவனக் கொண்டிட்டான். அத முதல் முதல் கேட்டது லூக் இல்லை, ஒபி-வான். ஏலாது எண்டு நிண்ட மனுசன, அனகின் இருந்த முஸ்டஃபார் எண்ட நெருப்புக் கிரகத்துக்கு அனுப்பினது அந்த வசனம்தான். அங்க போயும் அவரால கொல்ல ஏலேல்ல, காலையும் கையையும் வெட்டிப்போட்டு, நீ எனக்குச் சகோதரனா இருந்தாய், உன்னில எனக்கு அன்பு இருந்தது எண்டு கத்திப்போட்டு, எரிய எரிய விட்டிட்டுப் போறார்.

இப்ப 1983க்கு வாங்கோ. லூக் வந்து, என்ர சொந்த அப்பாவ என்னால கொல்ல ஏலாது எண்டு சொல்லுறான், யோடாக்கு முன்னால ஒபி-வான் நிண்ட அதே நிலை. அவனுக்குள்ள இன்னும் நல்லது இருக்கு எண்டு லூக் சொல்ல, அவன் இப்ப மனுசனவிட மெஷின்தான் கூட எண்டு ஒபி-வான் மறுக்கிறார். ஆயுத விளக்கத்தில இது பெடியன உசுப்பிவிடுற பேச்சு. எனக்கு அப்பிடித் தெரியேல்ல. லூக் சொல்லுறது உண்மை எண்டா, அண்டைக்கு நெருப்புக்க கிடந்தது வேடர் இல்லை, அவர் வளத்த பெடியன். உயிரோட இருந்த தம்பிய எரிய விட்டிட்டு வந்தவர் எண்டு ஆகும். அத ஒத்துக்கொள்ள அந்த மனுசனால ஏலாது. அதே சீனில, யோடா அளவுக்கு என்னாலயும் படிப்பிக்கலாம் எண்டு நினைச்சன், பிழைச்சிட்டுது எண்டும் சொல்லுறார். ஆள வச்சு வேலை வாங்குறவர் தன்ர தோல்விய இப்பிடி எடுத்துக் காட்டத் தேவையில்லையே.

இன்னொண்டு, டெத் ஸ்டாரில ஒபி-வான் வேடர "டார்த்" எண்டுதான் கூப்பிடுறார், ஒருக்காவும் அனகின் எண்டு வாயில வரேல்ல.

2022ல வந்த ஒபி-வான் சீரிஸில வேடரே, அனகின நீ கொல்லேல்ல, நான்தான் கொண்டனான் எண்டு சொல்ல, அப்ப என்ர நண்பன் உண்மையாவே செத்திட்டான் எண்டு ஒபி-வான் சொல்லுவார். என்ர பக்கத்துக்கு அது நல்ல சாட்சி, ஆனா அதில நான் அவ்வளவு சாய மாட்டன், ஓட்டைய அடைக்கப் பிறகு எழுதினது எண்டு வடிவாத் தெரியுது. கார்ட்டூன் சீரிஸ் நான் முழுக்கப் பாக்கேல்ல, நாவல்கள் வாசிக்கேல்ல, அதுகள வச்சு ஆராவது வேற மாதிரிக் காட்டினா கேக்கிறன்.

இத நீங்களே பாக்கோணும் எண்டா 2005 படத்தில யோடா கதைக்கிற சீனப் பாத்திட்டு உடன 1977 படத்தில லூக் கேள்வி கேக்கிற இடத்தப் போடுங்கோ. பதிலுக்கு முன்னால, ஒபி-வானா நடிச்ச அலெக் கின்னஸ் கண்ண வேற பக்கம் திருப்பி ஒரு கணம் நிப்பார். மருமோன் அத ரெண்டு தரம் ரீவைண்ட் பண்ணிப் பாத்திட்டு, பொய் சொல்லுறவற்ற முகம்தான் மாமா எண்டு இன்னும் ஆயுதப் பக்கமே நிக்கிறான்.