பணம் கட்டிப் புத்தகம் போடப் போகிறீர்களா? தொடர்கதை எழுதுகிறவர்கள் படிக்க

தோழமைகளே, இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்கள் இதை அவசியம் படியுங்கள். கதைக்கு முடிவு யூடி, அதாவது கடைசி அத்தியாயம், போட்ட கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "மேடம், உங்க கதையைப் புத்தகமாப் போட்டுத் தரலாமா? நாங்களே எல்லாம் பார்த்துக்கறோம்." எனக்கு வந்தது. அதே ஆட்களிடமிருந்து இன்னும் பலருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததால்தான் எழுதுகிறேன். புகார் கொடுத்து விசாரணையில் இருப்பதால் பதிப்பகத்தின் பெயரை இங்கே போடவில்லை.

அவர்கள் வாங்கியது 38,500 ரூபாய். ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு 3,000, அட்டை வடிவமைப்புக்கு 4,000, மெய்ப்புத் திருத்த (அச்சுக்கு முன் பிழை பார்க்க) 4,500, 300 பிரதி அச்சடிக்க 27,000. போதாததற்குச் சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை, நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு வாங்குவது) உறுதி என்று வாய்வார்த்தை வேறு.

முதலில் அந்த 3,000 ரூபாயைப் பாருங்கள். நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. பதிப்பாளர்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சரி, பணம் வாங்கினார்களே, எண்ணாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. இதை யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம். 13 இலக்கங்களையும் இடமிருந்து வலமாக ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். என் புத்தகத்தில் இருந்த எண் வகுபடவில்லை. பின்னட்டையில் இருந்த பார்கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் அதன் கீழே அச்சாகியிருந்த எண் வரவில்லை, வேறொரு எண் வந்தது. அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். யாரோ எழுதிய பள்ளி வழிகாட்டி நூல் ஒன்றின் எண் அது.

மெய்ப்புத் திருத்தம் என்று ஒன்று நடக்கவே இல்லை. நான் கொடுத்தது யூனிகோடு கோப்பு. அதை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது கொ, கோ வருகிற இடங்களில் எழுத்து உடைவது உண்டு, பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பார்க்கவில்லை. என் நாயகியின் பெயர் கோமதி. கொம்பும் ககரமும் ஒரு வரியின் கடைசியில், துணைக்கால் மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் என்று பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர் உடைந்து கிடக்கிறது. யாராவது ஒருவர் ஒரே ஒரு அத்தியாயத்தைப் படித்திருந்தால்கூட இது கண்ணில் பட்டிருக்கும்.

எனக்கு ஆறவே ஆறாதது அட்டைப்பட விஷயம். கதை சென்னிமலைப் பக்கத்து நெசவுக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. தொடராக வந்தபோது கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருத்தி, கோமதி தறியில் உட்கார்ந்து, குறுக்கே நூலை ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு படம் வரைந்து எனக்கு அனுப்பினாள். அறுந்த இழையைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். அவள் பெயரைச் சொல்லி நன்றியோடு என் பக்கத்தில் போட்டிருந்தேன். அங்கிருந்து அதை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் அட்டையில் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் இருந்த அவள் கையெழுத்தை வெட்டியிருக்கிறார்கள். முழுதாக வெட்ட முடியாமல் கடைசி எழுத்தின் வால் மட்டும் சேலை மடிப்பின் மேல் நிற்கிறது. இதற்குத்தான் வடிவமைப்புக் கட்டணம் 4,000. அட்டையை அச்சுக்கு முன்னால் எனக்குக் காட்டவும் இல்லை. "சர்ப்ரைஸா இருக்கட்டும் மேடம்" என்றார்கள்.

அந்தப் பெண் கேட்டாள், "அக்கா, நீங்கதான் குடுத்தீங்களா?" என்று. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ரசிகர்கள் வரைகிற படம் யாருக்குச் சொந்தம் என்பதில் நம்மில் பலருக்குத் தெளிவில்லை. பாத்திரம் என்னுடையது, ஆனால் அந்தப் படத்தின் காப்புரிமை வரைந்தவளுடையது. அன்பாகப் பரிசளித்தாள் என்பதால் விற்பனைக்குப் போகும் நூலின் அட்டையில் போடும் உரிமை எனக்கே வந்துவிடாது, பதிப்பகத்துக்கு எங்கிருந்து வரும்? பதிவு செய்தால்தான் காப்புரிமை என்பதும் கிடையாது. வரைந்து முடித்தபோதே அது அவளுக்கு உண்டு. அட்டைக்குப் படம் வேண்டுமென்றால் வரைந்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்து, பெயரையும் உள்ளே போட வேண்டும். வடிவமைப்பவரிடம் "இந்தப் படம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அச்சுக்கு விடாதீர்கள்.

அப்புறம் ஒப்பந்தம். பணம் கட்டிய பிறகுதான் அனுப்பினார்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் எல்லாம் காலவரையின்றிப் பதிப்பகத்துக்கே என்று இருந்தது. ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு, எத்தனை விழுக்காடு என்ற இடம் காலி. நான் கையெழுத்துப் போடவில்லை, விளக்கம் கேட்டு எழுதினேன். விளக்கம் வருவதற்குள் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் என் கதை அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 19-ஆவது பிரிவு: உரிமையைக் கைமாற்ற எழுத்தில் ஒப்பந்தமும் கொடுப்பவரின் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே" போட்டதை வைத்துக்கொண்டு உரிமை எங்களுடையது என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ஏற்கெனவே எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறவர்கள் அந்தத் தாளை எடுத்து இந்த மூன்றையும் பாருங்கள்.

அமேசானுக்குக் காப்புரிமை மீறல் புகார் அனுப்பினேன். கதையின் தேதியிட்ட அத்தியாயங்கள், கூகுள் டாக்ஸில் இருந்த முதல் வரைவு எல்லாவற்றையும் இணைத்திருந்தேன். அவர்கள் ஏற்றிய மின்னூலை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதே கதையை என் கணக்கில் ஏற்றப் போனால், ஏற்கெனவே வேறிடத்தில் இருந்த உள்ளடக்கம் என்று என்னிடமே உரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள். மறுபடி எல்லாவற்றையும் அனுப்பித்தான் சரிசெய்தேன். எழுதுகிற கோப்பின் பழைய வரைவுகளை அழிக்காதீர்கள்.

300 பிரதியில் என் கைக்கு வந்தது 50. மீதி கடைகளில் இருக்கிறது என்றார்கள். எந்தக் கடை என்றால் பதில் இல்லை, அச்சக ரசீது கேட்டால் அதுவும் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடந்த நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கு மதுரையிலிருந்து வந்த வாசகியர் இருவர், பதிப்பகம் சொன்ன அரங்கு எண்ணைத் தேடிப் போயிருக்கிறார்கள். அங்கே குழந்தைகளுக்கான நூல்கள் மட்டும்தான் இருந்தன. நூலக ஆணை என்பது பொது நூலகத் துறை பார்த்துத் தேர்ந்தெடுப்பது. பணம் கட்டினால் உறுதி என்று எந்தப் பதிப்பாளராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

எழுதுகிறவரிடம் அச்சுக்கூலி வாங்குவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. செலவைத் திறந்து காட்டி, ஐம்பதோ நூறோ தேவைக்கேற்ப மட்டும் அச்சடித்து, அத்தனையையும் கையில் கொடுக்கிற சின்னப் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தியின் நூல் அப்படித்தான் அழகாக வந்தது. அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுவதுதான் வருத்தம். பணம் கொடுக்கும் முன் அந்தப் பதிப்பகம் போட்ட நூல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள், அதை எழுதியவரிடம் நேரடியாகப் பேசுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். அதை அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். படம் வரைந்த பெண்ணும் தன் பங்குக்குப் பதிப்பகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். அந்த அட்டையோடு இருக்கும் பிரதியை எங்காவது பார்த்தால் வாங்க வேண்டாம், கடையின் பெயரோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இதேபோல் "நாங்களே எல்லாம் பார்த்துக்கறோம்" என்ற செய்தி வந்து பணம் கட்டியவர்கள், பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். என் புகார் மனுவின் நகலைத் தருகிறேன், நீங்களும் கொடுங்கள்.