கம்ப்யூட்டர் டிரைவருக்கு ‘லைசென்ஸ்’ காசு கேட்டால் கொடுக்காதீர்கள்: மண்டபத்து வீட்டின் 3,849 ரூபாய் பில்

மண்டபத்தில் ஒரு வீடு. மோடம் முன்னறையில், கம்ப்யூட்டர் உள்ளறையில், நடுவே இரண்டு சுவர். கேபிள் இழுக்க வழியில்லாததால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் (போர்ட்டில் செருகினால் கம்ப்யூட்டருக்கு வைஃபை தரும் சின்னக் கருவி) ஒன்று போட்டுத் தரச் சொல்லி, சிபியுவை ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து சிபியுவோடு ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு வந்தது. டாங்கிள் 1,150 ரூபாய். டிரைவர் சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஒரு வருடம், 1,499. யுஎஸ்பி போர்ட் சர்வீஸ் 700. இன்ஸ்டலேஷன் 500. மொத்தம் 3,849. ஜிஎஸ்டி எண் இல்லை, டாங்கிளின் மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. வீட்டில் மாட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நெட் அறுந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “உங்க மோடம்தான்க்கா கோளாறு” என்று அனுப்பிவிட்டார்கள்.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே பில்லை நாளைக்கு வேறொரு கடையும் எழுதும். ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

முதல் வரி, டாங்கிள். அட்டைப்பெட்டியில் ‘1200 எம்பிபிஎஸ், டூயல் பேண்ட்’ என்று, அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசையிலும் ஓடும் என்று அச்சிட்டிருந்தது. ஆனால் மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் கம்ப்யூட்டரில் வரவே இல்லை. போனில் மட்டும் வந்தது. சந்தேகம் வர இதுவே போதும். பெட்டி சொல்வதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சிப் எது என்று பாருங்கள். விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பகுதியில் டாங்கிளின் பெயர்மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் டேப், கீழே விரியும் பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ். விஐடி என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து, பிஐடி என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து தெரியும். முதலாவது தயாரித்த கம்பெனி, இரண்டாவது சிப் வகை. அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம். விண்டோஸுக்கு டாங்கிள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இந்த எட்டு எழுத்தைத்தான்.

இந்த டாங்கிளில் விஐடி 148எஃப், பிஐடி 7601. அதாவது மீடியாடெக் எம்டி7601யூ. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஒரே ஆன்டெனா வழி, ஏட்டளவில் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ். மோடம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடினால் ஏட்டளவிலேயே 72தான்; இரண்டு சுவர் தாண்டி அதில் பாதி வந்தாலே நல்லது. சிப் மோசமானதில்லை. வாட்ஸ்அப் வீடியோ காலுக்கும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் அது போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த டாங்கிளை 1200 என்ற பெட்டிக்குள் வைத்து 1,150 ரூபாய்க்கு விற்றதுதான் ஏமாற்று. இன்னொரு கணக்கும் உண்டு. யுஎஸ்பி 2.0 போர்ட்டின் மொத்த வேகமே 480 எம்பிபிஎஸ். யுஎஸ்பி 2.0 டாங்கிளின் பெட்டியில் 900, 1200 என்று போட்டிருந்தால் அந்த வேகம் அதன் வழியே போகவே முடியாது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘நெட்எஸ்எச்’, ‘டபிள்யூலேன்’, ‘ஷோ’, ‘டிரைவர்ஸ்’ என்ற நான்கு சொல்லையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு (netsh wlan show drivers) அடியுங்கள். ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட் என்ற வரியில் 802.11 என்பதோடு பி, ஜி, என் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 2.4 மட்டும் உள்ள சரக்கு. ஏ அல்லது ஏசி என்றும் இருந்தால்தான் 5 கிகாஹெர்ட்ஸ் நிச்சயம். கடையிலேயே, காசு கொடுக்கும் முன், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது வரிதான் மனதை அறுக்கிறது. டிரைவருக்கு லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. டாங்கிளை வேலைசெய்ய வைக்கும் மென்பொருளைச் சிப் தயாரித்தவர்களே எழுதி, மைக்ரோசாஃப்ட்டிடம் கையொப்பம் வாங்கி, இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதன் விலை டாங்கிளின் விலைக்குள்ளேயே அடக்கம். அந்த 1,499 ரூபாய்க்கு இந்தச் சிபியுவில் ஏறியிருந்தது ‘டிரைவர் அப்டேட்டர்’ என்ற வகை மென்பொருள் ஒன்று. கம்ப்யூட்டர் திறந்ததும் தானே ஓடும். ‘27 டிரைவர்கள் பழையவை, ஆபத்து’ என்று சிவப்பில் காட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவர்களையும் மாற்றிவைக்கும். இங்கே நெட் அறுந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்: டாங்கிளுக்கு விண்டோஸ் கொடுத்திருந்த டிரைவரை எடுத்துவிட்டு வேறொரு பதிப்பைப் போட்டிருந்தது.

சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. முதலில் அமைப்புகளில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அந்த அப்டேட்டரை நீக்குங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பிராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். டிரைவர் மென்பொருளையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் மறக்காமல் டிக் போடுங்கள். டிக் போடாவிட்டால் அதே கெட்ட டிரைவர் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு டாங்கிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் செருகுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பழகிய சிப்களுக்குத் தானாகவே டிரைவர் ஏறிவிடும்.

ஏறவில்லை, மஞ்சள் ஆச்சரியக்குறியோடு கோட் 28 என்று காட்டுகிறது என்றால் டிரைவர் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சிக்கலில்தான் பலரும் கடைக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது வராது. போனுடன் வந்த கேபிளே நல்லது. விண்டோஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட்டில் ஒருமுறை செக் கொடுத்துவிட்டு ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் டிரைவர் அப்டேட்ஸைப் பாருங்கள். தனுஷ்கோடி, ராமேசுவரம் பக்கம் உள்ளவர்கள் இதற்கு முன் போனில் டேட்டா ரோமிங் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை டவர் பிடித்துவிட்டால் பில் அங்கே ஏறும்.

ரியல்டெக் சிப் உள்ள சில டாங்கிள்களில் வேறொரு கூத்து. செருகியதும் வைஃபை வராது. மை கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சிடி டிரைவ் தோன்றும். டிரைவரின் செட்டப் அந்த டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. அதை ஓடவிட்டு, பிறகு அந்தச் சிடி டிரைவ்மேல் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தால் டாங்கிள் வைஃபையாக மாறும். இது தெரியாதவரிடம் “பீஸ் டெட், சிடியாத்தான் காட்டுது” என்று சொல்லி இன்னொன்றை விற்பது மிக எளிது. அந்த வார்த்தையை நம்பி நல்ல டாங்கிளைக் குப்பையில் போடாதீர்கள்.

கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை என்பதற்கு விண்டோஸ் 7 உள்ள பழைய 64 பிட் லேப்டாப்களில் இன்னொரு காரணம் இருக்கிறது. கையொப்பம் சரிபார்க்கப்படாத டிரைவரை அது ஏற்காது. கோட் 52 காட்டும். கடைக்காரர் எஃப்8 அழுத்தி டிரைவர் சிக்னேச்சர் என்ஃபோர்ஸ்மென்ட்டை டிசேபிள் செய்து, வைஃபை ஓடுவதைக் காட்டிக் காசு வாங்கிவிடுவார். அந்த அனுமதி ஒரே ஒரு தடவைக்குத்தான். ஷட்டவுன் செய்து வீட்டில் திறந்ததும் டாங்கிள் செத்துக் கிடக்கும், மறுபடி கடை, மறுபடி காசு. புதிய டிரைவர்கள் எஸ்ஹெச்ஏ-2 என்ற முறையில் கையொப்பமிடப்படுகின்றன. விண்டோஸ் 7க்கு அது தெரிய கேபி4474419 என்ற இலவச அப்டேட் வேண்டும். ஆகவே காசு கொடுக்கும் முன் உங்கள் கண்முன்னே ரீஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதி ஆதரவு நின்றது. ஆனால் “10 நின்னுபோச்சு, அதான் வைஃபை வரல” என்று யாராவது சொன்னால் அது பொய். டிரைவர் எப்போதும்போல ஓடும்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் அழியாமல் இருந்தால் “மதர்போர்டில் வைஃபை போயிருச்சு” என்பவரின் வாயை அடைக்கலாம். பாஸ் லினக்ஸில் திறந்து பாருங்கள். அங்கே வைஃபை பட்டியல் வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு விண்டோஸ் டிரைவரில்தான். வராவிட்டால் மட்டும் அதை வைத்து முடிவுகட்ட முடியாது. பழைய லினக்ஸுக்கு அந்தச் சிப் தெரியாமலும் இருக்கலாம்.

மூன்றாவது வரி, போர்ட் சர்வீஸ். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. நம் கடற்கரைக் காற்றில் உப்பு. ஜன்னலோரம் இருக்கும் சிபியுவின் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் உப்பு படிந்து, ஈரம் இழுத்து, தகடுகளில் பச்சையும் துருவும் ஏறும். அப்போது கோட் 43, ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரெக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று வரும். டிரைவரை எத்தனை தரம் மாற்றினாலும் இது போகாது. பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் முன்பக்கப் போர்ட்டை மறந்துவிடலாம். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தகடுகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத் திறங்கள். இந்தச் சிபியுவில் முன்பக்கப் போர்ட் அதே பச்சையோடுதான் இருந்தது. 700 ரூபாய்க்கு யாரும் தொடவில்லை.

நெட் அறுந்ததன் மீதிப் பாதிக்கு வேறு இரண்டு காரணம். டாங்கிளின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேப்பில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும். அடுத்தது, டாங்கிளை மாட்டியிருந்த நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வெளி ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். பக்கத்தில் இருக்கும் டாங்கிள் காது கேளாததாகிவிடும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளைக் கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து மேசைக்கு மேலே கொண்டுவந்தால் சுவர் தாண்டிய சிக்னலும் கூடும். மோடத்தில் 2.4க்குச் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். 12, 13இல் இருந்தால் சில டாங்கிள்களுக்கு அந்தப் பெயரே கண்ணில் படாது.

நான்காவது வரி 500 ரூபாய். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது நியாயமான கூலிதான். வேலைக்குக் கூலி கேட்கட்டும், இலவசப் பொருளுக்கு விலை கேட்கக் கூடாது.

கடையைவிடப் பெரிய ஆபத்து போனில் இருக்கிறது. டிரைவர் தேடும்போது முதலில் வரும் விளம்பரங்களிலும், ‘கஸ்டமர் கேர்’ என்று தேடும்போது வரும் எண்களிலும் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ரிமோட் ஆப் போடச் சொல்வார்கள், பிறகு பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்பார்கள், உங்கள் திரையில் நீங்கள் அடிப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் கணக்கு திறந்திருக்கும் கம்ப்யூட்டரில் இதை நினைத்துப் பாருங்கள். யாருக்கும் ரிமோட் எண்ணைச் சொல்லாதீர்கள். இறக்கிய செட்டப் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேப் இல்லாவிட்டால் அதைத் திறக்காதீர்கள். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் டிரைவரும் வேண்டாம். பணம் போய்விட்டால் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நாமே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில்தான். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசு.

கடையில் ஏமாந்தவர்கள் சும்மா விட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இந்த வீட்டுக்காரர்களிடம் பெட்டி பத்திரமாக இருந்தது. 1200 என்று அச்சிட்ட பக்கத்தையும், 148எஃப் 7601 காட்டும் திரையையும், துண்டுச் சீட்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.